தாய்மாமன் ரத்தம்

ஜனவரி 9
கப்பலிலிருந்து

என் அருமை வாலுக்கு,

மாமா எழுதுகிறேன். உடம்பு கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறது. நீ, உன் வீட்டுக்காரர், குட்டிப் பயல், என் அக்கா எல்லோரும் சௌக்கியம்தானே? அக்காவின் முழங்கால் இன்னும் மாடிப்படியைக் கண்டால் முனகுகிறதா?

இந்தக் கப்பலின் சமையலறையில் நான் வைத்ததுதான் சட்டம். போன வாரம் கேப்டன் என் தோளில் கைபோட்டு, "குக்கு, நீ இல்லன்னா இந்தக் கப்பல் ஒரு அடி நகராதுய்யா" என்றார். நான் இருந்தும் நகரவில்லை என்பது வேறு விஷயம். ஏழு கடல் ஓடிக் களைத்த கப்பல் அல்லவா, துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு ஓய்வு கொடுத்திருக்கிறோம். மேல்தளத்தில் நின்றால் கரையில் லாரிகள் போவது தெரியும். மாலையில் இங்கே விளக்கு போடுவதில்லை. மெழுகுவத்தி வெளிச்சத்தில் சாப்பிடுவதுதான் பெரிய இடத்துப் பழக்கம் என்று எல்லோருக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். நேற்று வறுத்த மீன், பொரித்த கோழி, இனிப்பு மட்டும் இரண்டு தினுசு.

கைபேசி என்ன ஆயிற்று என்று கேட்காதே. திமிங்கலம் ஒன்று பக்கத்தில் வந்தது. படம் எடுக்கக் குனிந்தேன். இப்போது அது திமிங்கலத்திடம் இருக்கிறது. ஆகவே இனிமேல் கடிதம்தான். தண்ணீர்ப் படகுக்காரர் வாங்கிப் போய்த் தபாலில் போடுவார். நீ கரையில் இருக்கும் கப்பல் சாமான் கடை விலாசத்துக்குப் பதில் எழுது, அவரே கொண்டுவந்து கொடுப்பார்.

குட்டிப் பயல் நடக்கிறானா? ஒன்றரை வயதில் நான் ஓடினேன், உன் அம்மாவைக் கேட்டுப்பார்.

இதை அக்காவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டு.

உன் மாமா


ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படிக்கச் சொன்னாள், திமிங்கலம் வரும் இடத்தை மட்டும் மூன்று தரம்.

குட்டிப் பயல் நடக்கவில்லை மாமா. அவனுக்கு இன்னும் தலையே நிற்கவில்லை. ஆறாம் மாதத்திலிருந்து வலிப்பு வருகிறது. எப்போது வரும் என்று தெரியாததால் அவனை விட்டு நான் அந்தப்பக்கம் இந்தப்பக்கம் போவதில்லை. கட்டில், ஜன்னல், மருந்து அலமாரி, இவ்வளவுதான் என் உலகம். இத்தனை நாள் உங்களிடம் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் எதையாவது அளந்து என்னைச் சிரிக்க வைப்பீர்கள், சிரிக்கத் தெம்பில்லை.

இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவன் ரத்தத்தை ஆராய்ந்து பார்த்தார்கள். நம் உடம்பில் ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு சவ்வு இருக்கிறதாம். அதன்மேல் சில புரதங்கள் நின்று வேலை செய்ய வேண்டும். அவை விலகிப் போகாமல் பிடித்து வைக்க, கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த ஒரு நங்கூரம் உண்டு. அந்த நங்கூரத்தைச் செய்ய ஏகப்பட்ட மரபணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை பார்க்கின்றன. அதில் முதல் வேலை பார்க்கும் மரபணுவில் இவனுக்கு ஒரே ஒரு மாற்றம். அதே மாற்றம் எனக்கும் இருக்கிறது, அம்மாவுக்கும் இருக்கிறது. பெண்களுக்கு அந்த மரபணு இரண்டு உண்டு, ஒன்று பழுதானால் இன்னொன்று சமாளித்துவிடும். ஆண்பிள்ளைக்கு ஒன்றுதான்.

மாமா, நான் மறுபடி உண்டாகியிருக்கிறேன். மூன்றாம் மாதம். இதுவும் பையன். கருவிலிருந்து துளி எடுத்துச் சோதித்தார்கள், இதற்கும் அந்த மாற்றம் இருக்கிறது.

ஆனால் அந்த மாற்றம்தான் வலிப்புக்குக் காரணமா, இல்லை குடும்பத்தில் சும்மா வருகிற மச்சம் மாதிரியா என்று டாக்டருக்கே தெரியவில்லை. "உங்க அம்மா வழியில நல்லா நடமாடுற ஆம்பள யாராவது இருக்காங்களா? அவருக்கும் இதே மாற்றம் இருந்தா அது குத்தவாளி இல்லன்னு எடுத்துக்கலாம்" என்றார். அம்மாவுக்கு நீங்கள் ஒரே தம்பி.

இந்த உறைக்குள் ஒரு அட்டை வைத்திருக்கிறேன். விரலில் ஊசியால் குத்தி மூன்று வட்டத்திலும் ஒவ்வொரு சொட்டு விட்டு, காய வைத்து அனுப்புங்கள். ஏப்ரல் முடிவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். அதற்கப்புறம் எந்த ஆஸ்பத்திரியிலும் செய்ய மாட்டார்கள். என்ன முடிவு என்று எழுதக் கை வரவில்லை, உங்களுக்குப் புரியும்.

வாலு


பிப்ரவரி 16

கண்ணு வாலுக்கு,

மாமாவின் ஆசி. அழாதே. நான் இருக்கிறேன்.

நங்கூரத்தைப் பற்றி என்னிடமா சொல்கிறாய்? எத்தனை கப்பலில் எத்தனை நங்கூரம் பார்த்தவன் நான். உன் டாக்டரிடம் சொல், சர்க்கரையில் நங்கூரம் செய்தால் கரையாமல் என்ன செய்யும்? நம் கப்பலின் நங்கூரம் நாலு யானை எடை, சுத்த இரும்பு. எப்பேர்ப்பட்ட புயலிலும் இம்மி நகராது. என்ன செய்தாலும் நகராது.

அட்டையில் ரத்தம் வைத்துவிட்டேன். சின்ன விஷயம். இதோடு வருகிறது. எப்பேர்ப்பட்ட சிவப்பு பார். மூன்று வட்டமும் செம்பருத்தி மாதிரி இருக்கிறது. உன் டாக்டர் இப்படி ஒரு ரத்தத்தை வாழ்நாளில் பார்த்திருக்க மாட்டார்.

குட்டிப் பயலின் உள்ளங்காலில் நான் கொடுத்ததாக ஒரு முத்தம் கொடு. வயிற்றில் இருக்கிறவனிடம், கடலில் ஒரு தாத்தா இருக்கிறார், மிரளாதே என்று சொல். அக்காவிடம் வலிப்பு விஷயம் எனக்குத் தெரியும் என்று சொல்லாதே, அவள் என்னிடம் மறைப்பதாக நினைத்துக்கொண்டிருப்பாள், பாவம்.

உன் மாமா


மார்ச் 4

வாலுக்குட்டி,

எல்லோரும் நலம் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். உன் பதிலுக்குப் பொறுமையில்லை. ஒரு விஷயத்தை வாய்க்குள் வைத்துக்கொண்டு இத்தனை நாள் இருந்ததே எனக்கு அதிசயம்.

நீ கேட்டது நல்ல திடகாத்திரமான ஆம்பளை ரத்தம். என் ரத்தத்தில் குறை ஒன்றும் இல்லை, ஆனாலும் வயது ஆகிறதல்லவா, கொஞ்ச நாளாக வேறு நான் அளவாகத்தான் சாப்பிடுகிறேன், உடம்புக்கு நல்லது என்று. விரலைக் குத்திப் பார்த்தேன். வந்த சொட்டு தேநீர்த் தண்ணி மாதிரி இருந்தது. இதை அனுப்பினால் அந்த டாக்டர் நம் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பார்? உன் பிள்ளைகளின் விஷயம் ஆயிற்றே, மட்டமான சரக்கை அனுப்ப மனசு வருமா?

தண்ணீர்ப் படகுக்காரரைக் கூப்பிட்டேன். ஆளைப் பார்க்க வேண்டுமே, கழுத்துக்கும் தலைக்கும் வித்தியாசம் தெரியாது. மூன்று வேளையும் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்.

"அண்ணே, மூணு சொட்டு ரத்தம் வேணும்."

"எதுக்குய்யா? நீங்க குடிக்கத் தண்ணிதானே கொண்டுவர்றேன்?"

"என் அக்கா பேரனுக்கு. அனுப்புறதுக்கு."

"மூணு சொட்டு யாருக்குய்யா பத்தும்?"

"டாக்டர் பார்க்கத்தான். முதல் தரமா இருக்கணும்."

முதல் தரம் என்றதும் மனிதர் மார்பை நிமிர்த்தி விரலை நீட்டிவிட்டார். ஊசியைக் கண்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டார் என்பதை யாரிடமும் சொல்ல வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். சொட்டு குபுகுபுவென்று வந்தது, எனக்கே பார்க்க ஆசையாக இருந்தது.

எப்படி உன் மாமாவின் மூளை? டாக்டர் என்ன சொன்னார் என்று வரி விடாமல் எழுது.

மாமா


மார்ச் 8

அன்புள்ள மாமாவுக்கு,

நலம் விசாரிக்கக்கூட வரவில்லை, மன்னியுங்கள்.

உங்கள் அட்டையைப் பார்த்துச் சொல்லிவிட்டார்கள். உங்கள் ரத்தத்தில் அந்த மாற்றம் இல்லை. அப்படியென்றால் குடும்பத்தில் திடமாக இருக்கும் ஆணுக்கு அது இல்லை, படுத்திருக்கும் குழந்தைக்கு இருக்கிறது. எல்லாம் அதன்மேலேயே கை காட்டுகிறது என்றார் டாக்டர். பிறக்கப் போகிறவனும் இவனை மாதிரிதான் இருப்பான்.

ராத்திரியெல்லாம் இவரும் நானும் குட்டிப் பயலை மாறி மாறித் தூக்கி வைத்திருந்தோம். ஒருவனைத் தூக்கவே எனக்கு இரண்டு கை போதவில்லை. இருபத்திரண்டாம் தேதிக்கு ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறோம். அம்மாவுக்குத் தெரியாது.

நேற்று முதல்முறையாக உள்ளே அசைந்தான். அசைந்திருக்க வேண்டாம்.

நீங்கள் உடனே அனுப்பியதற்கு நன்றி மாமா. உங்கள் ரத்தம் மிக நல்ல ரத்தமாம்.

வாலு


மார்ச் 15

மாமா,

நான்காம் தேதி எழுதிய உங்கள் கடிதம் இன்று வந்தது. நின்றுகொண்டே இரண்டு தரம் படித்தேன்.

உங்களை எப்படித் திட்டுவது என்று தெரியவில்லை. படகுக்காரர் எனக்கு என்ன உறவு? அவருடைய ரத்தத்தை வைத்து என் பிள்ளைக்கு நாள் குறித்துவிட்டேன் மாமா. இன்னும் ஏழு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்திருந்தால்?

ரத்தம் சிவப்பா வெளுப்பா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. நீங்களும் அம்மாவும் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவர்கள், அதற்காகத்தான் உங்களுடையது. அம்மாவிடம் இருக்கும் மாற்றம் உங்களுக்கும் வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். அது ஒன்றுதான் தெரிய வேண்டும். நீங்கள் பலசாலியா என்று யாரும் கேட்கவில்லை.

குட்டிப் பயலையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "உங்க மாமா என்ன மாதிரி ஆளும்மா?" என்றார். நல்லவர் என்றேன்.

இருபத்திரண்டை நிறுத்திவிட்டேன். ஆனால் ஏப்ரல் முடிவை யாராலும் நிறுத்த முடியாது. புது அட்டை இதில் இருக்கிறது. உங்கள் விரல், உங்கள் ரத்தம். தேநீர்த் தண்ணியாக இருந்தாலும் சரி.

வாலு


மார்ச் 27

என் வாலுக்கு,

மாமா நலம். நீ நலமாக இருக்க வேண்டும்.

உன் இரண்டு கடிதமும் ஒன்றாகத்தான் கைக்கு வந்தன, படகு இடையில் வரவில்லை. படகுக்காரர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், "படிச்சுட்டு ஏதாவது சொல்லுய்யா, முதல் தரம்னு சொன்னாரா டாக்டர்?" என்று கேட்டுக்கொண்டே. நான் பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தேன். சத்தம் கேட்டு அவர் திரும்பிப் பார்த்தார்.

என் விரல். என் ரத்தம். சத்தியம். படகுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்தார். சொட்டு சீக்கிரத்தில் வரவில்லை, நாலு விரல் குத்திப் பிழிய வேண்டியிருந்தது. வட்டம் முழுதும் நிறையவில்லை என்றால் மன்னித்துவிடு. நிறம் கொஞ்சம் வெளிறியிருக்கும். கடல்காற்று அப்படி. மற்றபடி நான் காளை மாதிரி இருக்கிறேன், நேற்றுகூட ஒரு முழு ஆட்டுக்காலைத் தனியாக முடித்தேன்.

கடிதத்தைக் கொடுத்ததும் படகு கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். கடை வாசலில் நிற்காமல் நேரே தபால் நிலையம்.

மாமா


ஏப்ரல் 6

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

உங்கள் ரத்தத்தில் அந்த மாற்றம் இருக்கிறது.

அப்படியென்றால் அது குற்றவாளி இல்லை என்று, கேட்டதும் சந்தோஷத்தில் எழுந்து ஓடலாம் போலிருந்தது. ஆனால் டாக்டர் உட்காரச் சொன்னார். அட்டையை எடுத்துக் காட்டினார். "இந்த ரத்தத்தைப் பாரும்மா, நல்லா சாப்பிட்டு நடமாடுற ஆள் ரத்தம் மாதிரியா இருக்கு? இவருக்கே இந்த மாற்றத்தால உடம்புல ஏதாவது குறை இருந்தா, கணக்கே தலைகீழாயிடும். பிறவிக் குறையா, வேற காரணமா, எனக்குத் தெரியணும்" என்றார்.

நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே சாட்சி உங்கள் கடிதங்கள். எல்லாவற்றையும் எடுத்துப்போய்ப் படித்துக் காட்டினேன். ஏழு கடல், திமிங்கலம், ஆட்டுக்கால். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "இதுல எது நிஜம்?" என்றார். என்னால் ஒரு வரியைக்கூடக் காட்ட முடியவில்லை. சின்ன வயதில் நீங்கள் நன்றாக இருந்ததாக அம்மா சொல்கிறாள். ஆனால் அவள் உங்களைப் பார்த்தே எத்தனையோ வருஷம் ஆயிற்று.

டாக்டர் கேட்கச் சொன்னவை: எப்போதாவது வலிப்பு வந்ததா? காது கேட்கிறதா? நடப்பதில், தூக்குவதில் சிரமம் உண்டா? படிப்பு ஏறியதா? ரத்தம் ஏன் இப்படி? ஒன்றுகூட அளக்காமல் எழுதுங்கள். வயிற்றில் இருக்கிறவன் இப்போது நன்றாக உதைக்கிறான். இவன் இருப்பதும் போவதும் நீங்கள் எழுதப் போகிற கடிதத்தில் இருக்கிறது.

வாலு


ஏப்ரல் 15

அன்புள்ள வாலுக்கு,

இதை அக்காவுக்குப் படிக்காதே.

வலிப்பு வந்ததில்லை, ஒருநாளும். காது நன்றாகக் கேட்கிறது. ஏணியில் ஏறி இறங்குகிறேன். அரிசி மூட்டை தூக்குவேன், முன்பு ஒரே மூச்சில், இப்போது இரண்டு இடத்தில் நின்று. எட்டாம் வகுப்பு படித்ததாகச் சொன்னது பொய். ஐந்தில் இரண்டு முறை தோற்றேன். மூளை காரணமில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஆறு இருந்தது.

ரத்தம் வெளுத்ததற்குக் காரணம் சாப்பாடு. முதலாளி கப்பலை விட்டுவிட்டுக் காணாமல் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. டீசல் தீர்ந்தது, அதனால் விளக்கில்லை. கைபேசி திமிங்கலத்திடம் இல்லை, பெட்டியில்தான் இருக்கிறது, உயிர் ஏற்ற மின்சாரமில்லை. எங்கள் பாஸ்போர்ட்டெல்லாம் எங்களை வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டிடம் மாட்டிக்கொண்டிருக்கின்றன. ஆளில்லாமல் கப்பலை விடக் கூடாது என்று துறைமுகத்தில் இறங்க விடுவதில்லை. கப்பல் சாமான் கடைக்காரர் இரக்கப்பட்டு அனுப்புகிற தண்ணீரும் அரிசியும்தான். கஞ்சியும் உப்பும். சிலநாள் தூண்டிலில் மீன் விழும், ஆறு பேர் பங்கு போடுவோம். கேப்டன் தோளில் கைபோட்டது நிஜம். சொன்னது, "குக்கு, இன்னிக்கு என்ன இருக்கு?" என்று. தினமும் அதைத்தான் கேட்கிறார். ஒன்றுமில்லாததை மூடி போட்ட பாத்திரத்தில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அவர் திறந்து பார்த்துச் சிரிப்பார்.

இந்தக் கப்பலில் ஏறும்போது ரத்தம் சோதித்தார்கள், ஒரு குறையும் சொல்லவில்லை. நாங்கள் எல்லோருமே இப்போது வெளுத்துத்தான் இருக்கிறோம், எனக்கு மட்டும் வந்த குறை இல்லை. அதை டாக்டரிடம் அவசியம் சொல். அவர்கள் ஐந்து பேரும் எனக்கு எந்த உறவும் இல்லை.

படகுக்காரர் காத்திருக்கிறார். நான் சேர்த்து எழுதாவிட்டால் கடிதம் எவ்வளவு சின்னதாக இருக்கிறது பார்.

மாமா


ஏப்ரல் 26

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே நாங்கள் நலம் என்று இந்தத் தடவை எழுத முடிகிறது. பாதிதான் நலம். இருந்தாலும் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை டாக்டர் இரண்டு தரம் படித்தார். மற்ற ஐந்து பேரும் வெளுத்திருக்கிறார்கள் என்ற இடத்தில் விரலை வைத்தார். "இது பட்டினிம்மா, பிறவி இல்ல. அந்த மாற்றத்தோட ஒரு மனுஷன் இந்த வயசுல இவ்வளவையும் தாங்கிட்டு நிக்கிறார். இதைவிட எனக்கு என்ன வேணும்?" என்றார். அது குற்றவாளி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆஸ்பத்திரிக்கு இனிப் போக வேண்டியது பிரசவத்துக்குத்தான்.

குட்டிப் பயலுக்கு மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். இத்தனை நாள் அவன் நோய்க்கு ஒரு பெயராவது இருந்தது, இப்போது அதுவும் இல்லை. கட்டில், ஜன்னல், அலமாரி எல்லாம் அப்படியே இருக்கின்றன, நானும் அவற்றோடு இருக்கிறேன். நேற்று வலிப்பு மூன்று முறை வந்தது.

இவர் மாலுமிகள் சங்கத்துக்கு எழுதியிருக்கிறார். கப்பல் பெயரும் ஏஜெண்டின் பெயரும் வேண்டுமாம், உடனே அனுப்புங்கள். எவ்வளவு காலம் ஆகும் என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. உங்கள் ஆறு பேருக்கும் கடைக்காரரிடம் பருப்பும் முட்டையும் வாங்கித் தரச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். படகுக்காரர் அண்ணனுக்கு என் வணக்கம். அவர் ரத்தம் முதல் தரம் என்றுதான் சொன்னார்கள், அது பொய்யில்லை, சொல்லிவிடுங்கள்.

போன கடிதத்தை அம்மாவுக்குப் படிக்கவில்லை. ஆனால் கடிதம் வந்தது அவளுக்குத் தெரியும். தினமும் கேட்கிறாள். "என்னடி எழுதியிருக்கான், படியேன். கோழியா, மீனா?" என்கிறாள். எனக்கு உங்களை மாதிரி வரவில்லை மாமா. இரண்டு வரி இட்டுக்கட்டிப் பார்த்தேன், "இது என் தம்பி எழுதினது இல்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

உண்மையை எனக்குத் தனித்தாளில் எழுதுங்கள், எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. அம்மாவுக்கு ஒரு பெரிய பொய்யாகப் பார்த்து அனுப்புங்கள், இந்த அறையில் அதைச் சத்தமாகப் படிக்கும்போது நானும் கேட்டுக்கொள்கிறேன்.

உங்கள் வாலு